கழுவுகிற நாளில்தான் மீன் சாகிறது

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வீட்டுப் பின்வளவு. கிணற்றுக்கும் மதிலுக்கும் இடையில் ஆறடி நீளம், நாலடி அகலம், இரண்டடி ஆழத்தில் ஒரு சீமெந்துத் தொட்டி. வெளிநாட்டிலிருந்து மகன் வருகிறான் என்று சனிக்கிழமை காலை முழுத் தண்ணீரையும் இறைத்தார்கள். ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தும்புத்தடியால் தேய்த்தார்கள். குழாய்த் தண்ணீர் நிரப்பி மீன்களைத் திரும்ப விட்டார்கள். அடித்தளம் வரைக்கும் கண்ணாடி மாதிரித் தெரிந்தது. பின்னேரம் நாலு மணிக்குப் பதினொரு தங்கமீன்களும் வயிறு மேலே தெரிய மிதந்தன.

கொட்டாஞ்சேனையில் நான் பார்த்த வீட்டில் கதை வேறு. மீன் செத்த துக்கத்தில் தொட்டியை அப்படியே விட்டுவிட்டார்கள். அடுத்த மழைக்கு நாலு விரல் ஆழம் தண்ணீர் நின்றது. இரண்டு கிழமையில் சுகாதாரப் பரிசோதகர் வந்து டோர்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே நெளிந்தவை நுளம்புக் குடம்பிகள்.

இரண்டு வீட்டிலும் அக்கறைக்குக் குறைவில்லை. ஊத்தையால் செத்த மீனைவிட, கழுவித் துடைத்ததால் செத்த மீனையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். காரணத்தை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். மீன் தன் செவுள் வழியாக நாள் முழுதும் அமோனியாவை வெளிவிடுகிறது. அது நஞ்சு. தொட்டிச் சுவரிலும் கூழாங்கல்லிலும் ஃபில்டர் பஞ்சிலும் வழுவழுப்பாக ஒட்டியிருக்கும் நல்ல பக்டீரியாக்கள் அதை நைட்ரைற்றாக்கி, பிறகு நைட்ரேற்றாக்குகின்றன. நைட்ரேற்றைச் செடிகள் எடுத்துக்கொள்ளும். அந்த வழுவழுப்பைத் தேய்த்து எடுத்தால், அது திரும்ப வளர நாலிலிருந்து ஆறு கிழமை பிடிக்கும். அதுவரை மீன் தன் கழிவிலேயே நீந்த வேண்டும்.

கீழே உள்ளவற்றை இன்று பின்னேரமே தொடங்குங்கள்.

செய்ய வேண்டியவை

• தொட்டியின் கொள்ளளவைக் கணக்கிட்டு மதிலில் பெயின்ரால் எழுதி வையுங்கள். நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, வருவதை 28ஆல் பெருக்கினால் லீற்றர் கிடைக்கும். மேலே சொன்ன தொட்டி 48 கன அடி, ஏறக்குறைய 1,350 லீற்றர். உப்பு, மருந்து, மீன் எண்ணிக்கை எல்லாமே இந்த ஒரு எண்ணில்தான் நிற்கின்றன. கண்மதிப்பில் போட்டவர்கள் பெரும்பாலும் இரண்டு மடங்கு போட்டிருக்கிறார்கள்.

• கிழமைக்கு ஒரு முறை கால்வாசித் தண்ணீர் மட்டும் மாற்றுங்கள். ஹோஸ் பைப்பின் வாயை அடித்தளத்துக்கு அருகில் பிடித்து உறிஞ்சி எடுங்கள், கழிவு அங்கேதான் படிந்திருக்கும். எடுத்த தண்ணீரைக் கானில் ஊற்ற வேண்டாம். கறிவேப்பிலைக்கும் வாழைக்கும் மல்லிகைக்கும் அதைவிட நல்ல பசளை கடையில் கிடைக்காது.

• குழாய்த் தண்ணீரை ஒரு முழு நாள் திறந்த பரலில் வைத்த பிறகே தொட்டிக்கு ஊற்றுங்கள். அம்பத்தலையில் களனி கங்கையிலிருந்தும், லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் கொழும்புக்கு வரும் தண்ணீரில் நமக்காகக் குளோரின் சேர்க்கிறார்கள். அதே குளோரின் மீனின் செவுளைச் சுடும், நல்ல பக்டீரியாவையும் கொல்லும். அவசரமென்றால் மீன் கடையில் விற்கும் அன்டி-குளோரினைப் போத்தலில் எழுதியுள்ள அளவுக்குச் சேர்க்கலாம். பரலின் வாயை நுளம்பு வலையால் இறுக்கிக் கட்ட மறக்காதீர்கள்.

• கிணற்றுத் தண்ணீர் என்றால் முதலில் நாக்கில் வைத்துப் பாருங்கள். காலி வீதிக்குக் கடல் பக்கமாக உள்ள கிணறுகளில் உவர் ஏறியிருக்கலாம், வறட்சியில் அது கூடும். உவர் இல்லாவிட்டாலும் கிணற்றிலிருந்து புதிதாக இறைத்த தண்ணீரில் ஒக்சிசன் குறைவு. இரண்டடி உயரத்திலிருந்து சிதறி விழ விடுங்கள்.

• ஃபில்டர் பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள். ஒரு வாளியில் தொட்டித் தண்ணீரை எடுத்து, பஞ்சை நாலு முறை பிழிந்தால் போதும். அது வெள்ளையாக வேண்டிய தேவையில்லை. மண்ணிறப் பஞ்சில்தான் உங்கள் தொட்டியின் உயிர் இருக்கிறது.

• விழுந்த இலைகளைத் தினமும் கைவலையால் அள்ளுங்கள். மாவிலையும் ஜேம் மரத்து இலையும் அடியில் அழுகிக் கறுப்புச் சேறாகும். அந்தச் சேற்றை மாதம் ஒரு முறை, ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்கு என்று மெதுவாக உறிஞ்சுங்கள்.

• விடியற்காலை ஆறு மணிக்குத் தொட்டியை ஒரு நிமிடம் பாருங்கள். பகலில் செடியும் பாசியும் ஒக்சிசன் தரும், இரவில் அவையும் அதை எடுத்துக்கொள்ளும். ஆகவே தண்ணீரில் ஒக்சிசன் ஆகக் குறைந்திருப்பது விடியும் நேரத்தில். கொழும்பு வெப்பம் இதை இன்னும் கடினமாக்குகிறது: 20 பாகை செல்சியஸில் லீற்றருக்கு 9 மில்லிகிராம் தாங்கும் தண்ணீர், 30 பாகையில் ஏழரைதான் தாங்கும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அது பசியல்ல, மூச்சுத்திணறல். உடனே தீனியை நிறுத்துங்கள். வாளியால் அள்ளி உயரத்திலிருந்து ஊற்றுங்கள், பம்ப் இருந்தால் வாயை மேலே தூக்கி விடுங்கள், பரலில் வைத்த தண்ணீரால் கால்வாசியை மாற்றுங்கள். பத்து மணிக்கு எழும்புகிறவர்களுக்கு இந்த எச்சரிக்கை கிடைப்பதில்லை, செத்த மீன்தான் கிடைக்கிறது.

• மேற்பரப்பில் பாதிக்கு அல்லி இலையால் நிழல் கொடுங்கள். வெயிலும் சத்தும் மிஞ்சினால் தண்ணீர் பச்சையாகும். பேரே வாவியின் பச்சையைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை, காரணம் அங்கும் இங்கும் ஒன்றுதான். நம் தேசிய மலரான நீல அல்லி, அதாவது நில் மானெல், சிறு தொட்டிக்கும் பொருந்தும். களிமண் நிறைத்த சட்டியில் நட்டு, மேலே ஒரு விரல் மணல் பரப்பி இறக்குங்கள். மஞ்சளான இலையை அன்றே வெட்டி எடுங்கள்.

• நீர் மட்டத்துக்கு மேலே உள்ள சுவர் விளிம்பை வாரம் ஒரு முறை தேயுங்கள். தொட்டியில் நீங்கள் தைரியமாக அழுத்தித் தேய்க்கக்கூடிய ஒரே இடம் இதுதான். டெங்கு நுளம்பு தண்ணீருக்குள் முட்டையிடுவதில்லை, தண்ணீருக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் ஒட்டுகிறது. அந்த முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தும் உயிரோடிருக்கும், தண்ணீர் தொட்டதும் பொரிக்கும். முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் போதும். அதனால்தான் கிழமைக்கொரு தரம் என்கிறேன்.

• மீன் போக முடியாத மூலைகளைத் தேடிப் பாருங்கள். மீன் நீந்தும் தொட்டியில் குடம்பி தப்பாது: கப்பியும் தங்கமீனும் அதை மிச்சம் வைக்காது. ஆபத்து பக்கத்தில் இருக்கிறது. ஃபில்டர் பெட்டியின் மூடி, ஓடாத நீர்வீழ்ச்சியின் படிகள், அலங்காரச் சிப்பி, அல்லிச் சட்டியின் தட்டு, மூங்கில் குழாயின் கணு, செடி நெருக்கத்தில் ஒதுங்கிய தண்ணீர். 2017இல் நாட்டில் ஒரு இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் டெங்குச் சந்தேக நோயாளர்களாகப் பதிவானார்கள். நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, உங்கள் வளவில் நுளம்பு பெருகினால் பொறுப்பு உங்களுடையது. வாடகைக்கு இருந்தாலும் அப்படித்தான். பரிசோதகர் வந்தால் தொட்டியைத் திறந்து மீனைக் காட்டுங்கள், அவர் சொல்லும் திருத்தத்தை அன்றே செய்யுங்கள்.

• இரவில் உறுதியான கம்பி வலையால் மூடுங்கள். பகலில் காகமும் மீன்கொத்தியும் கொக்கும் வரும், கால்வாய்க் கரை வீடுகளுக்குக் கபரகொய்யாவும் வரும். இரவில் வரும் விருந்தாளியைப் பலர் நம்புவதில்லை. கொழும்பின் சதுப்பு நிலங்களில் மீன்பிடிப் பூனை வாழ்கிறது, சிங்களத்தில் ஹந்துன் திவியா. கால்வாய் வழியாக நகருக்குள் நடமாடும். அலங்காரத் தொட்டிக் கோய் மீன்களை அது தூக்கிச் செல்வது கெமராவில் பதிவாகியிருக்கிறது. 2018இல் ராம்சார் ஈரநில நகரமாக ஏற்கப்பட்ட இந்தக் கொழும்பில் அதற்கும் பங்குண்டு, சட்டம் அதைப் பாதுகாக்கிறது. வலையைப் பலப்படுத்துங்கள். பொறியும் வேண்டாம், நஞ்சும் வேண்டாம். மின்கம்பியை நினைத்தும் பார்க்காதீர்கள், அதில் முதலில் மாட்டுவது அயல்வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம்.

• றப்பர் கையுறையும் பூட்ஸும் போட்டுக்கொண்டு இறங்குங்கள். தொட்டி விளிம்பில் இரவில் எலி ஓடுகிறது. அதன் சிறுநீர் கலந்த தண்ணீர் கால் வெடிப்பில் பட்டால் எலிக்காய்ச்சல் வரலாம். தொட்டி கழுவி ஒன்றிரண்டு கிழமைக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், வைத்தியரிடம் போய்த் தொட்டியில் இறங்கியதை முதல் வசனத்திலேயே சொல்லுங்கள்.

• பம்ப்பின் இணைப்பு ட்ரிப் சுவிட்ச் வழியாகப் போகிறதா என்று இன்றே எலக்ரீசியனிடம் கேளுங்கள். கையை வைக்க முன் பிளக்கைக் கழற்றுங்கள். கடற்காற்று வெள்ளவத்தையில் வயரையும் பிளக் முனையையும் அரிக்கும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை பாருங்கள்.

• புதிய மீனை இரண்டு கிழமை தனி வாளியிலோ கண்ணாடித் தொட்டியிலோ வைத்திருங்கள். ஒரு நோய்மீன் முழுத் தொட்டியையும் எடுத்துவிடும்.

• மழைநீர் வழிந்தோடும் பைப்பின் வாயில் வலை பொருத்துங்கள். ஒக்டோபர், நவம்பர் இடிமழையில் தொட்டி அரை மணித்தியாலத்தில் நிரம்பும், மீன் கானில் போய்விடும்.

செய்யக்கூடாதவை

• முழுத் தண்ணீரையும் ஒரே நாளில் இறைக்காதீர்கள். வீட்டில் கல்யாணமானாலும், பொங்கலானாலும், லண்டன் மாமா வந்தாலும். தொட்டி அழகாகத் தெரிய வேண்டுமென்றால் மூன்று கிழமைக்கு முன்பே தொடங்கிக் கால்வாசி கால்வாசியாக மாற்றுங்கள். வெடிப்பை அடைக்க இறைத்தே ஆக வேண்டிய நாளில், பழைய தண்ணீரில் பாதியையும் ஃபில்டர் பஞ்சையும் பரலில் மீனோடு பத்திரப்படுத்துங்கள்.

• ப்ளீச்சிங் பவுடர், சவர்க்காரத் தூள், ஹாப்பிக் எதையும் தொட்டிக்குள் கொண்டுபோகாதீர்கள். சீமெந்து இவற்றை உறிஞ்சி வைத்துக்கொண்டு நாள்கணக்கில் கக்கும். தும்புத்தடியும் தண்ணீரும் போதும். அந்தத் தும்புத்தடியும் கழிப்பறைக்குப் போகாததாக இருக்கட்டும்.

• மீன் உள்ளே இருக்கும்போது கறுப்புச் சேற்றைக் கலக்காதீர்கள். கூழ்முட்டை நாற்றம் வந்தால் அது ஐதரசன் சல்பைட்டு. சேற்றுக்குள் அடைந்து கிடக்கும்வரை பேசாமல் இருக்கும், கலக்கினால் நிமிடங்களில் மீனைக் கொல்லும்.

• பாண், சோறு, பிஸ்கட் போடாதீர்கள். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது கோபிக்காமல் சொல்லுங்கள், அவர்கள் அன்பில்தான் போடுகிறார்கள். மாச்சத்து ஊறி அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். மீன் தீனியையும் ஐந்து நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கே போடுங்கள். நாலு நாள் ஊருக்குப் போனால் யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம். வளர்ந்த மீன் நாலு நாள் பட்டினி தாங்கும், பக்கத்து வீட்டாரின் தாராளத்தைத் தாங்காது.

• புதுச் சீமெந்துத் தொட்டியில் உடனே மீன் விடாதீர்கள். புதுச் சீமெந்தின் சுண்ணாம்பு தண்ணீரைக் காரமாக்கும். காரம் கூடினால் அமோனியாவின் நஞ்சும் கூடும். நம்மவர்கள் வாழைத்தண்டைத் துண்டு போட்டுத் தொட்டியில் ஊற வைப்பது வழக்கம், அதைச் செய்யுங்கள். ஆனால் தண்டு அழுகிய தண்ணீரில் மீன் வாழாது. ஊறியதை முழுக்க இறைத்து, இன்னும் இரண்டு மூன்று முறை நிரப்பிக் கொட்டிய பிறகு, முதலில் இரண்டு மீன் மட்டும் விடுங்கள். வெடிப்பு அடைக்கும் நாளைத் தவிர, முழுதாக இறைக்கலாம் என்று நான் சொல்லும் ஒரே தருணம் இது.

• வெறும் தொட்டியை வானம் பார்க்க விடாதீர்கள். மீன் வேண்டாமென்று முடிவெடுத்தால் அன்றே அடியில் துளை போடுங்கள், அல்லது மண் நிரப்பிக் கீரை போடுங்கள். டெங்குக் காலத்தில் கொழும்பில் மீன் உள்ள தொட்டியைவிட மீன் இல்லாத தொட்டிக்குத்தான் நான் பயப்படுகிறேன்.

• நுளம்புக்குப் புகையடிக்கும் நாளில் தொட்டியைத் திறந்து வைக்காதீர்கள். புகையை மறுக்கவும் வேண்டாம், அது உங்கள் தெருவின் உயிருக்காக. ஆனால் அந்த மருந்துகளில் பல மீனுக்குக் கொடிய நஞ்சு. வண்டிச் சத்தம் கேட்டதும் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, காற்றுப் பம்ப்பை நிறுத்துங்கள், அது புகையையே உறிஞ்சித் தண்ணீருக்குள் ஊதும். புகை அடங்கியதும் விரிப்பை எடுத்துப் பம்ப்பைப் போடுங்கள்.

• இடத்துக்கு மிஞ்சி மீன் வாங்காதீர்கள். கோய் இரண்டடி வரை வளரும், மேலே சொன்ன 1,350 லீற்றர் தொட்டி அதற்கு அறை அல்ல, பெட்டி. இந்த அளவில் தங்கமீன் பத்து, கூட ஒரு கைப்பிடி கப்பி, அவ்வளவுதான். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்றதை நினைத்துப் பாருங்கள். பம்ப் இல்லாமலும் உயிர் தாங்கும் எண்ணிக்கைதான் சரியான எண்ணிக்கை.

• நீண்ட கரண்ட் வெட்டுக்குப் பிறகு ஃபில்டரை அப்படியே போடாதீர்கள். ஆறேழு மணித்தியாலம் ஓடாமல் நின்ற பெட்டிக்குள் பக்டீரியா மூச்சடைத்துச் செத்திருக்கும். அந்தத் தண்ணீரை வெளியே கொட்டி, பஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசிய பிறகு சுவிட்ச்சைத் தட்டுங்கள்.

• அளவு தெரியாமல் உப்போ மருந்தோ கொட்டாதீர்கள். வாடிய மீனுக்குக் கல்லுப்பு உதவும்: 1,000 லீற்றருக்கு ஒரு கிலோ, கரைத்து, இரண்டு நாளில் பிரித்து ஊற்றுங்கள். உப்பு ஆவியாகாது, ஆகவே வெயிலில் தண்ணீர் குறைந்தால் வெறும் தண்ணீர் மட்டும் சேருங்கள். அல்லி இருக்கும் தொட்டியென்றால், மீனை வேறு பாத்திரத்தில் வைத்து வைத்தியம் செய்யுங்கள்.

• வேண்டாத மீனையும் செடியையும் கால்வாயில் விடாதீர்கள். இதை மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பாசி தின்னும் என்று வாங்கிய டாங்க் கிளீனர் ஒரு அடிக்கு மேல் வளர்ந்ததும், பாவம் பார்த்து வெள்ளவத்தைக் கால்வாயில் விட்டுவிட்டு வருகிறார்கள். அதுவும் நைஃப் ஃபிஷும் இப்போது நம் நீர்நிலைகளில் பெருகி, உள்ளூர் மீன்களின் இடத்தையும் இரையையும் பறிக்கின்றன. செடியிலும் இதே பாடம் உண்டு. ஆற்றுவாழையை அதன் பூவுக்காகக் கொண்டு வந்தார்கள், 1909இலேயே அதற்கெதிராகத் தனிச் சட்டம் போட வேண்டி வந்தது. சல்வீனியா 1939இல் கொழும்பில் தாவரவியல் ஆய்வுக்காக வந்து தப்பியது, பிறகு நாட்டின் குளங்களையும் வயல்களையும் மூடியது. வேண்டாத மீனை விற்ற கடைக்கே திருப்பிக் கொடுங்கள், கடைக்காரர் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார். செடியை வெயிலில் காயப்போட்டு எருவாக்குங்கள்.

• சிறு பிள்ளையைத் தொட்டியருகே ஒரு நிமிடமும் தனியே விடாதீர்கள். தவழும் பிள்ளைக்கு ஒரு சாண் தண்ணீர் போதும், சத்தமும் வராது. கம்பி வலை ஒரு பிள்ளையின் பாரத்தைத் தாங்குகிறதா என்று உங்கள் இரண்டு கையாலும் அழுத்திப் பாருங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் எண் 1990ஐத் தொட்டி மதிலில், கொள்ளளவு எழுதிய இடத்துக்குக் கீழே எழுதுங்கள்.

பெயின்ர் காய்வதற்குள் பரலை நிரப்பி வலையைக் கட்டிவிடுங்கள். நாளைப் பின்னேரம் அந்தத் தண்ணீர் தயாராக இருக்கும்.